படுத்திருப்பவளுக்கான கமான்

பட்டறைக்கு வண்டி வந்து நின்றதும் ஆதிமூலம் ஓட்டி வந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டான். கோணிச் சாக்கை விரித்து நேரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவான். வண்டி எங்கே, எப்படி அடிபட்டது என்று ஓட்டுகிறவன் தனக்குத் தோன்றியதைச் சொல்வான். வண்டியின் அடிவயிற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவன் கட்சி.

செங்கம் சாலையில் இருந்தது அவன் பட்டறை. கமான் கட்டுவது ஒன்றுதான் அங்கே வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் வில்போல வளைந்து, வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்கிறதே, அதற்குத்தான் கமான் என்று பேர். 1986 ஆவணியில் ஒரு நாள் காலை ஸ்ரீபால் தன் ஜீப்பைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினான். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்.

"நைனாரே," என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஸ்ரீபால் சமணக் குடும்பத்துக்காரன் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அவன் நைனார்தான். "பின் ஆக்சில்ல நடுவுல பல்சக்கரக் குண்டு இருக்கு பாருங்க, அதுல ஒரு கீறல் இல்ல. ஆனா வண்டி நடுவயித்துத் தகட்டுல ஒரு கோடு போட்டிருக்கு. விரல் போவுது. இது எப்ப?"

"போன ஐப்பசி."

"எங்க?"

"மலையில. இலுப்பங்கொல்லை ஓடை."

ஆதிமூலம் வெளியே வந்து தலையைத் துடைத்துக்கொண்டான். "குண்டு தட்டியிருந்தா நான் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கமானை எவ்ளோ ஏத்தினாலும் குண்டு ஏறாது, அது சக்கரத்தோட ஒட்டினது. அதுக்குப் பெரிய டயர்தான். வயிறு தட்டுதுன்னா கமான் வேலை. என் வேலை. சொல்லுங்க, இன்னா ஆச்சு?"

ஸ்ரீபால் சுருக்கமாகத்தான் சொன்னான். நீட்டிச் சொல்ல அவனால் முடியவில்லை.

செங்கம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால், தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து ஒன்பது மைல் கல்லுப் பாதையில் இலுப்பங்கொல்லை. அங்கிருந்து உண்ணாமலை என்கிற பெண்ணைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். கூட அவள் புருஷன் ராமனும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் ஏறிக்கொண்டார்கள். மலையில் ஒருத்திக்கு வலி கண்டால் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். பாரத்தில் கமான் தட்டையாகப் படிந்து, ஓடையின் நடுவிலிருந்த பாறைமேல் வண்டி வயிறு குத்தி உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சுற்றின, வண்டி நகரவில்லை. மரக்கிளையை வெட்டி நெம்பி எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அதற்குள் ஓடைக்கரையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அவிழ்க்கத் தெரிந்த கை பக்கத்தில் இல்லை.

"இப்ப மறுபடியும் ஏழு மாசம்," என்றான் ஸ்ரீபால். "பாறையில மாட்டாத வண்டின்னாத்தான் ஏறுவேன்னு சொல்றாளாம். ராமன் வந்து சொல்லிட்டுப் போனான். எனக்கு வண்டி உயரம் ஏறணும், ஆதிமூலம். எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

"லோடு எவ்ளோ?"

கமான்காரன் கேட்கிற கேள்விகளிலேயே பெரியது இதுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். வில் எத்தனை உயரமாக நிற்கும் என்பது வில்லை மட்டும் பொறுத்ததில்லை. அதன்மேல் ஏறுகிற பாரத்தையும் பொறுத்தது. ஸ்ரீபால் கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் சொன்னான்: "பன்னெண்டு பேரு."

அவன் சொன்னது பௌர்ணமிக் கணக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் வருகிறவர்களைச் செங்கத்திலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு பேராகக் கொண்டுவந்து இறக்குவான். அதற்குமேல் பாரம் அந்த வண்டி கண்டதில்லை. பன்னிரண்டு பேரைத் தாங்கினால் ஒருத்தியைத் தாங்காதா? யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆதிமூலம் தன் வழக்கப்படி எதிர் டீக்கடையைப் பார்த்துக் கை தட்டினான். "பன்னெண்டு பேரு வாங்க! ஏறி உக்காருங்க, அவ்ளோதான்."

"இன்னா ஆதிமூலம், ஓசியில கிரிவலமா?" என்றார் ஒருவர், வேட்டியை மடித்துக்கொண்டு ஏறியபடி.

"வண்டி நகராது பெரியவரே. புண்ணியமும் நகராது."

"கோதண்டராமன் ஏறினா ரெண்டு பேருன்னு எழுதிக்கோ."

"மூணு!" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். கோதண்டராமன் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏறினார். வண்டி ஒரு முனகல் முனகித் தாழ்ந்தது. ஆதிமூலம் சக்கரத்து நடுவிலிருந்து மேல்தகடு வரைக்கும் ஒரு குச்சியை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டான். இறங்கியபிறகு இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் மூன்றரை விரற்கடை. "ஜாஸ்தி படியுது. லாரிப் பட்டை ரெண்டு சேத்துடறேன்."

மூன்றாம் நாள் வண்டி தயார். குதிரைபோல நிமிர்ந்து நின்றது. பன்னிரண்டு பேர் ஏறியும் ஒரு விரற்கடைக்குமேல் படியவில்லை. இருக்கிறதிலேயே விறைப்பான ஷாக் அப்சார்பரும் போட்டிருந்தான். ஸ்ரீபால் அன்றைக்கே மலையேறி ஓடைப் பாறையைக் கடந்து பார்த்தான். வயிறு தொடவில்லை. அக்கரையில் வண்டியை நிறுத்தி இறங்கி, கொஞ்ச நேரம் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி கனகமாலாவிடம் சொன்னான். அவள் ஊரில் ஒரு பிரசவ விடுதியில் நர்ஸ். மாதம் ஒருமுறை மலைக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிறவளும் அவள்தான். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உண்ணாமலைக்கு ரெண்டு தடவை உதிரம் பட்டிருக்கு. வலியே இல்லாம. நஞ்சுக்கொடி கீழ எறங்கி வழியை மறிச்சிக்கிட்டிருக்கும்னு எங்க டாக்டரம்மா சொல்றாங்க. ஆபரேஷன்தான். குலுங்கினா உதிரம் கொட்ட ஆரம்பிச்சுடும், அப்புறம் நிறுத்த முடியாது."

"அப்ப இப்பவே கூட்டிட்டு வந்துடலாமே."

"சாமை அறுத்துட்டுத்தான் வருவாளாம். சண்டை போட்டுப் பாத்துட்டேன். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள்னு ஒத்துக்கிட்டிருக்கா." பாயை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டோலி கட்டித் தூக்கினா பொழுதுக்கும் ஆவும், நடுவுல உதிரம் கண்டா காட்டுல என்ன செய்யறது? ஜீப்தான். வாங்க, நான் பின்னாடி படுத்துக்கறேன். ஓட்டுங்க."

"நீ எதுக்குப் படுக்கற?"

"அவ படுத்துக்கிட்டுத்தானே வருவா?"

அந்தக் காலத்தில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கமெல்லாம் சரளைக்கல்லும் மாட்டுவண்டித் தடமும்தான். மலைப்பாதைக்கு ஒத்திகை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கனகமாலா பின்னால் பாயை விரித்து மல்லாக்கப் படுத்தாள். ஸ்ரீபால் மெதுவாகத்தான் ஓட்டினான். ஸ்டியரிங் கையில் நன்றாக நின்றது. வண்டி ஒரு பக்கமும் சாயவில்லை. அடி அண்ணாமலையில் கடைகள் வந்ததும் நிறுத்தி, சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கீழுதட்டில் பல் பட்டு ரத்தம்.

"கழட்டுங்க இதை," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"உங்களுக்குத் தெரியாது. ஓடையில மாட்டிக்கிட்டா நேரம்தான் போவும். இது உசுரை எடுத்துடும்."

அவன் பொய் சொல்லவில்லை. ஓட்டுகிறவன் உட்காருவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில். ஏற்றமரத்தில் ஏறி விளையாடிய எவருக்கும் இது தெரியும்: நுனி ஓர் ஆள் உயரம் போய்வந்தாலும் நடு இருக்கிற இடத்தில்தான் இருக்கும். பின்னால் படுத்திருப்பவள் இருப்பது நேராகப் பின் ஆக்சிலுக்கு மேலே. சக்கரம் வாங்குகிற அடி ஒவ்வொன்றும் அவள் முதுகுக்குத்தான் வரும். பன்னிரண்டு பேர் பாரம் இருந்தால் அந்தத் தடித்த கமான் வளைந்து கொடுக்கும். ஒருத்தி ஏறினால் அது வளைய ஒரு காரணமும் இல்லை. வெறும் இரும்புக் கட்டை. எட்டு வருஷமாக அந்த ஜீப்பை ஓட்டியவன் ஒரு நாள்கூட அதன் பின்னால் படுத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பினார்கள். பொழுது சாய்வதற்குமுன் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு நியமம். அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே கனகமாலா சோறு போட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பாறையை மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. போன ஐப்பசியிலிருந்து கண்ணை மூடினால் பாறைதான். படுத்திருந்தவள் அதற்குள் வரவேயில்லை.

மறுநாள் கனகமாலாவும் பட்டறைக்கு வந்தாள். ஆதிமூலத்துக்கு முகம் சுருங்கிப்போனது. "நைனாரம்மா, அவரு பௌர்ணமிக்குக் கேட்டாரு, நான் பௌர்ணமிக்குச் செஞ்சேன். வேலையில குத்தம் சொல்லாதீங்க."

"வேலையில குத்தமில்லைங்க. லோடு தப்பு. நான் சொல்றேன், எழுதிக்கோங்க. அவ நாப்பத்தாறு கிலோ. நான் அம்பத்திரெண்டு. ராமன் அம்பத்தஞ்சு இருப்பாரு. இவரு ஒருத்தர். வேற யாரையும் ஏத்தமாட்டேன். மாமியாரே வந்து அழுதாலும் ஏத்தமாட்டேன்."

ஆதிமூலம் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்தது. கஷ்டமான கமான் ஒன்று அகப்பட்டுவிட்டது.

"வண்டி உயரமாவும் நிக்கணும், மெதுவாவும் இருக்கணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "ஷேக்கிளை நீட்டி ஏத்தலாம்." கமானின் நுனியை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கிற இரும்புக் காதுக்கு அந்தப் பேர். "வேணாம். ரெண்டு விரற்கடை நீட்டினா ஒரு விரற்கடைதான் ஏறும், முன்னாடி அதைச் செஞ்சா ஸ்டியரிங் நிலையில நிக்காது. மலையில அது ஆவாது." சட்டென்று உள்ளே போய், ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தையும் அதே கனத்தில் ஒரு பலகைத் துண்டையும் எடுத்துவந்தான். "ரெண்டும் ஒரே கனம். வளைங்க பாக்கலாம்."

ஸ்ரீபால் பஞ்சாங்கத்தை வளைத்தான். பலகை அசையவில்லை.

"அதான். பட்டையைப் பாதி மெலிசாக்கினா விறைப்பு பாதி ஆவும்னுதானே நினைப்பீங்க? ஆவாது. எட்டுல ஒரு பங்கு ஆயிடும். அதனால தடிப் பட்டையெல்லாம் கழட்டிட்டு மெல்லிசுப் பட்டையா அடுக்கப்போறேன். வளைவை ஜாஸ்தி கொடுத்து, காய்ச்சி, எண்ணெயில முக்கிப் பதம் போடறேன். வளைவு உயரத்தைக் கொடுக்கும். மெல்லிசு மெதுவைக் கொடுக்கும். ஏடும் ஏடும் வழுக்கணும், நடுவுல கிரீஸ். ஆனா நைனாரே…"

"சொல்லு."

"நாலு பேருக்கு மேல ஏறினா படுத்துடும். பௌர்ணமிக்கு ஆவாது."

"மாத்தி மாத்திப் போட்டுக்கலாமா?"

"மாசா மாசம் பொண்டாட்டி புடவை மாத்தற மாதிரியா? கமானைக் கட்டிப் பிடிச்சிருக்கிற போல்ட்டை அடிக்கடி கழட்டி மாட்டினா மரை போயிடும். ஒண்ணைச் சொல்லுங்க."

கனகமாலா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒருநாள் பௌர்ணமி வந்துகொண்டேதான் இருக்கும். உண்ணாமலை இறங்கி வருவது ஒரே ஒரு தடவை. ஸ்ரீபால் அப்படியெல்லாம் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. "பௌர்ணமி வேணாம்," என்றான்.

அடுத்தது ஷாக். ஆதிமூலம் இரண்டு வகையை வெளியே வைத்தான். இரும்புக் குழாய்க்குள் எண்ணெய், அதற்குள் ஓட்டைபோட்ட ஒரு தட்டு. கமான் துள்ளும்போது எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டை வழியாக நுழைந்துதான் போகவேண்டும், அதனால் துள்ளல் தானாக அடங்கும். ஷாக் இல்லாத கமான் ஊஞ்சல் மாதிரி. ஒருமுறை அமுக்கினால் பத்துமுறை ஆடும். "கெட்டியானதே போடு," என்றான் ஸ்ரீபால் பழைய ஞாபகத்தில்.

"மறுபடியுமா? மெல்லிசுக் கமானுக்குக் கெட்டி ஷாக் போட்டா, கமானுக்குக் கட்டை கட்டின மாதிரி. பண்ணின வேலை பாழ். இதைப் பிடிச்சு அமுக்குங்க."

அமுக்கினான். சுலபமாக உள்ளே போனது.

"இழுங்க."

இழுத்தபோது கனத்தது, தேனிலிருந்து கையை எடுப்பதுபோல.

"சக்கரம் கல்லுல ஏறும்போது விட்டுக்கொடுக்கும். கமான் எகிறி நிமிரும்போது பிடிச்சு நிறுத்தும். இதான் வேணும். நீளமும் பாக்கணும். வண்டி ஏறிட்டதால பள்ளத்துல சக்கரம் முன்னைவிடக் கீழ தொங்கும். பழைய நீளத்துல ஷாக் போட்டா அது முழுசா இழுபட்டு, ஆக்சிலே அதுல தொங்கும். ரெண்டு பள்ளத்துல அத்துக்கும்."

ஐந்து நாள் ஆயிற்று. பழைய நீளத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக வேலூரிலிருந்து ஷாக் வரவழைத்தான். பின்னால் மணல் மூட்டை வைத்து, படிவதைக் கோடு போட்டு, மூன்றாவது பட்டையை ஒருமுறை கழற்றித் தேய்த்து மறுபடி அடுக்கினான். பிறகு இருவரையும் கேட்காமல் தானே பாயை விரித்துப் பின்னால் படுத்துக்கொண்டு, "அடி அண்ணாமலை," என்றான்.

திரும்பி வந்து இறங்கியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "வளைவுல தொட்டில் மாதிரி சாயும். பயப்படாம மெதுவா எடுங்க."

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலை எட்டரைக்கு ராமன் வாசலில் வந்து நின்றான். விடிவதற்கு முன்னால் மலையிலிருந்து ஓடி இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். காலெல்லாம் முள் கிழித்திருந்தது.

"உதிரம் கண்டிருக்குணா. புடவை நனையுது."

கனகமாலா விடுதிக்கு ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொல்லி, உப்புத் தண்ணீர் பாட்டில்களோடு வந்து ஏறினாள். பதினோரு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தார்கள். உண்ணாமலையைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிவந்தார்கள். எதிர்பார்த்ததுபோலவே உறவுக்காரர்கள் ஏற வந்தார்கள். தனம் என்கிற அவள் நாத்தனார் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தேவிட்டாள்.

"எறங்குங்க," என்றாள் கனகமாலா.

"புள்ளத்தாச்சியைத் தனியா அனுப்புவாங்களா எங்கனா?"

"நீங்க ஏறினா வண்டி படியும், தனம். பாறையில மாட்டும். போன தடவை எத்தனை பேரு ஏறினீங்க?"

தனம் காலை எடுத்தாள். மற்ற யாரும் முன்னால் வரவில்லை.

உண்ணாமலை ஸ்ரீபாலைப் பார்த்தாள். முகம் சாமைமாவாக வெளுத்திருந்தது. "அந்தப் பாறை…" என்றாள்.

"தாண்டிடும்மா. இப்பதான் தாண்டி வந்தேன்."

முதல் கியரிலேயே இறங்கினான். ஒவ்வொரு கல்லையும் கண்ணால் தொட்டு, சக்கரத்தை அதன்மேல் வைத்து, மறுபக்கம் இறக்கினான். வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. எங்கேயும் குத்தவில்லை. ஓடையில் முழங்கால் தண்ணீர். பாறை தண்ணீருக்கு மேல் கறுப்பாகத் தெரிந்தது. முன்சக்கரம் அதன் பக்கவாட்டில் ஏறி இறங்கியது. வயிற்றுத் தகடு அதன்மேல் நகர்கிற அந்த நேரம் முழுக்க ஸ்ரீபாலின் காது இரும்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது.

அதுவரை பின்னாலிருந்து உண்ணாமலை மெல்ல முனகிக்கொண்டுதான் வந்தாள். ஓடை தாண்டி ஒரு மைல் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஸ்ரீபால் காத்திருந்தான். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. சத்தம் வரவில்லை. வண்டியை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏன் நின்னீங்க?" என்று கனகமாலா கிசுகிசுத்தாள்.

"அவ…"

"தூங்கறா. நாடி ஓடுது. எழுப்பிடாதீங்க, போங்க."

ராமன் வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டான். ஸ்ரீபால் வண்டியை எடுத்தான். ராத்திரியெல்லாம் உதிரத்தைப் பார்த்துக் கண் மூடாமல் கிடந்தவள், ஒன்பது மைல் கல்லுப் பாதையின் நடுவில் தூங்கினாள்.

நாலு மணிக்கு ஊர் ஆஸ்பத்திரி வாசல். டாக்டரம்மா சொல்லி வைத்திருந்ததால் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. கதவு மூடிக்கொண்டது. ராமன் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஸ்ரீபாலுக்கு வேலை இல்லை. உட்காரவும் முடியவில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டிக்குத் திரும்பி வந்து, ஆதிமூலம்போலவே அடியில் போய்ப் படுத்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசிய இடங்கள் வெள்ளியாகப் பளபளத்தன. பின்பக்க ஷாக்கின்மேல் கை வைத்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். சுட்டது.

என்ஜினுக்கு அவ்வளவு தூரத்தில், நெருப்பே போகாத இடத்தில், அது சுட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு விளங்கியது. சக்கரம் வாங்கிய அடி எங்கேயும் மாயமாகிவிடாது. யாராவது வாங்கித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு கல்லிலும் எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டைகளில் புகுந்து புகுந்து, அத்தனை அடியையும் சூடாக மாற்றித் தனக்குள் வைத்துக்கொண்டுவிட்டது. உண்ணாமலையின் முதுகில் விழவேண்டியதெல்லாம் இங்கே, இரண்டு இரும்புக் குழாய்க்குள் இருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதைப் பிடித்தான். ஆறுகிறவரைக்கும் பிடித்திருந்தான்.

கனகமாலா வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் கால்கள் மட்டும் வண்டிக்கு வெளியே தெரிந்தன. குனிந்து பார்த்தாள்.

"பொண்ணு. ரெண்டு கிலோகூட இல்ல, சூட்டுப் பெட்டியில வெச்சிருக்காங்க. அழுவுது. நல்லா அழுவுது."

"அவ?"

"ரத்தம் ஏத்தறாங்க. நம்ம ராமனோடதே சேந்துச்சு. பொழைச்சுக்குவான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுந்து வாங்க," என்றாள். "வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கு. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."